கம்பெனிக்கு உடம்பு கொடுத்தவர்

அப்பாவை மேனேஜர் ஆக்கியது ஓர் ஆயுத பூஜையன்று. அன்று காலைவரை அவர் மேஸ்திரி. கும்மிடிப்பூண்டியில் அப்போது புதிதாக எழுந்துகொண்டிருந்த தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றில், சரக்கு ஏற்றி இறக்கும் ஷெட் அவர் பொறுப்பில் இருந்தது. பூஜை முடிந்ததும், பட்டணத்திலிருந்து காரில் வந்திருந்த டைரக்டர் அப்பாவின் கழுத்தில் மாலை போட்டு, "இன்னிலேர்ந்து நீங்கதான் ஃபேக்டரி மேனேஜர்" என்றார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஆட்கள் கை தட்டினார்கள். மறுநாளும் அப்பா அதே காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதே ஷெட்டுக்குத்தான் போனார். அவருக்கென்று ஒரு நாற்காலி வந்தது. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதன் முதுகில் துண்டைப் போட்டு வைத்திருப்பார்.

அந்தப் பூஜைக்கு அம்மாவும் நானும் போயிருந்தோம். ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். டைரக்டர் கம்பெனியின் பெயரைச் சொன்னார், கடைசியில் வரும் 'லிமிடெட்' உட்பட. நட்சத்திரம் பூசம் என்றார். கம்பெனி பதிவான நாளின் நட்சத்திரம் அது. கோத்திரம் அவருக்குத் தெரியவில்லை. ஐயர் தானாகவே சிவ கோத்திரம் என்று சேர்த்துக்கொண்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. கம்பெனி சோறு போடுகிறது, கம்பெனிக்கு இந்த மாதம் கை இறுக்கம், கம்பெனி நம்மேல் கோபமாக இருக்கிறது என்றெல்லாம் வீட்டில் நாள்தோறும் பேசுகிறவர்கள் நாங்கள். அதற்கு நட்சத்திரம் இருப்பதில் என்ன ஆச்சரியம்?

நான் டிப்ளமோ முடித்து, அதே பேட்டையில் வேறொரு கம்பெனியின் டிராயிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று வரைவது என் வேலை. எதையும் ஒன்று, இரண்டு என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மனம் நிற்கும். வீட்டில் அதைக் கிண்டல் செய்வார்கள். அம்மா, "ரசம் வெக்கறதுக்கும் நம்பரு போடுவா" என்பாள்.

பொங்கல் கழிந்த மாதத்தில் ஷெட்டில் செயின் பிளாக் அறுந்தது. பளு தூக்கும் சங்கிலி அது. தொங்கிக்கொண்டிருந்த கம்பிச் சுருள் கீழே நின்றிருந்தவர்மேல் விழுந்தது. கொக்கி மாட்டுகிறவர். பழவேற்காடு ஏரியோரக் குப்பத்திலிருந்து வந்துபோகிறவர், கல்யாணமாகி அதிக நாள் ஆகாதவர். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

அன்று மாலை அப்பா வந்து குளிக்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், தொடவில்லை. எனக்குத் தெரிந்தவற்றை நான் எழுதினேன். ஒன்று, சங்கிலியின் வளையங்கள் இழுபட்டு நீண்டிருந்தன. அது அறுந்துவிடும் என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு, அதை மாற்றச் சொல்லி அப்பா பலமுறை கேட்டிருந்தார், வாயால். ஷெட்டில் எதையும் யாரும் எழுதிக் கேட்பதில்லை. மூன்று, ஒவ்வொரு முறையும் பதில் ஒன்றுதான்: 'கம்பெனி இப்ப வேணாம்னுது.' அந்தப் பதிலைக் கொண்டுவந்து சொன்னவர் ஷெட்டுக்கு மேல் அதிகாரியாக இருந்த இளம் இன்ஜினியர். நான்கு என்று போட்டேன். அதற்கு எதிரில் எழுத எதுவும் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் ஒருவர் செத்தால் அவருடைய மேஸ்திரி செத்த வீட்டு வாசலில் போய் நின்று, என் கையிலிருந்து போய்விட்டான் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் அந்த வீட்டார் பிணத்தை எடுப்பார்கள். சொல்லாத மேஸ்திரியிடம் பிறகு யாரும் வேலைக்கு நிற்கமாட்டார்கள். கல் குவாரி, செங்கல் சூளைக் காலத்திலிருந்து வந்த பழக்கம். அதற்குத் துக்கம் என்று அர்த்தம், கூடவே, உங்கள் வீட்டுக்கு இனி நானும் ஒருவன் என்று அர்த்தம். தப்புச் செய்தேன் என்று அர்த்தமில்லை.

அப்பா போனார். நாங்களும் போனோம். படகுகள் கவிழ்த்துப் போட்டிருந்த மணலைத் தாண்டி, ஓலைப் பந்தலின் முன்னால் நின்று, கைகளைக் குவித்துக்கொண்டு, "எங்கைலருந்து பூட்டாம்மா. நான்தான் பொறுப்பு. எம் பொறுப்புல இருந்த உசுரு" என்றார். செத்தவருடைய மனைவி தலை நிமிரவில்லை. அவளுடைய மாமியார்தான் எழுந்து வந்து, "நீ இன்னா பண்ணுவ மேஸ்திரி" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிணத்தை எடுத்தார்கள்.

பந்தலில் கம்பெனி சார்பாக மாலையுடன் வந்திருந்த, ஆட்களின் வருகை எழுதும் டைம் ஆபீஸ் எழுத்தரும் நின்றிருந்தார்.

அந்த வாரமே ஷெட்டுக்குப் புதுச் சங்கிலி வந்துவிட்டது. பளபளவென்று எண்ணெய் பூசியபடி வந்தது என்று அப்பா சொன்னார். அதற்கு அடுத்து வந்தது கோர்ட் சம்மன்.

வக்கீல் பொன்னேரியில் கோர்ட்டுக்கு எதிரே ஓட்டு வீடு ஒன்றில் இருந்தார். வயதானவர், எரிந்து விழாதவர். அப்பா வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டார். அம்மாவும் நானும் உள்ளே போனோம். பாதுகாப்பில்லாத சங்கிலியை உபயோகித்ததாக வழக்கு என்றும், குற்றவாளிகளாக மூன்று பேரைக் காட்டியிருக்கிறார்கள் என்றும் அவர் சொன்னார்: கம்பெனி, டைரக்டர், மேனேஜர்.

"கம்பெனி எப்பிடி சாரு மூணுல ஒரு ஆளு?" என்றாள் அம்மா.

"சட்டத்துக்கு அதுவும் ஒரு ஆள்தான்மா. நிலம் வாங்கலாம், விக்கலாம். கேஸ் போடலாம், அது மேலயும் போடலாம். டைரக்டர் செத்தாலும் அது சாகாது."

"சாமி மாதிரின்னு சொல்லு."

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். கோயில் நிலம் சாமி பேர்லதானே இருக்கு? கோர்ட்ல சாமியும் ஒரு ஆள். அதுலயும் மைனர். எந்தக் காலத்துலயும் மைனர்தான்."

"சாமி மைனராம்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "செரி, சாமி பேர்ல ஒரு தப்பு நடந்துட்சி. யாரப் புடிப்பீங்கோ?"

"தர்மகர்த்தாவ."

"இந்தக் கம்பெனிக்கு யாரு தர்மகர்த்தா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "டைரக்டர் ஒரு மனு போட்டிருக்கார். நான் எல்லா ஏற்பாடும் செஞ்சிருந்தேன், அனுபவசாலியா ஒரு மேனேஜரப் போட்டிருந்தேன், தப்பு அவரோடதுன்னு. சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு. அது நிலைச்சிட்டா அவர் வெளிய போயிடுவார். மிச்சம் ரெண்டு பேர். கம்பெனி ஒண்ணு, உங்க ஊட்டுக்காரர் ஒண்ணு."

"அப்ப கம்பெனிய உள்ள போடுங்கோ."

"அத எப்படிம்மா போடறது? அதுக்கு அபராதம்தான். ஜெயிலுக்குப் போக உடம்பு வேணுமே."

அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். மரத்தடியில் அவள் குரல் கேட்டது. "மால போட்டாங்கோ, மால போட்டாங்கோன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சியே. அன்னிக்கே சொன்னேன், ஆட்டுக்கும் மாலதான் போடுவாங்கோன்னு."

நான் வக்கீலிடம், அப்பாவைக் காப்பாற்ற என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பேர் வேணும். மேனேஜர் சங்கிலி கேட்டார், இன்னார் மாட்டேன்னார். அந்த இன்னார் ரத்தமும் சதையுமா இருக்கணும். கம்பெனி மாட்டேன்னுதுன்னு சொன்னா ஜட்ஜ் எழுதிக்க மாட்டார்."

பெயர் கிடைத்தால் அப்பா வீட்டில் இருப்பார். கிடைக்காவிட்டால் உள்ளே போவார். நான் லீவு போட்டுவிட்டுப் பட்டணத்துக்கு ரயில் ஏறினேன்.

கம்பெனியின் பதிவு அலுவலகம் பாரிமுனைக்குப் பின்னால், வெங்காய மண்டிகள் இருக்கும் ஒரு தெருவில் இருந்தது. மாடிப்படி ஏறும் சுவர் முழுக்கத் தகரப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனியின் பெயர். அப்பாவின் கம்பெனி நடுவில் எங்கேயோ இருந்தது, உள்ளங்கை அகலத்தில். மேலே ஓர் அறை. ஒரு மேஜை, இரும்பு பீரோ, டைப் அடிக்கும் இயந்திரம், கணக்குப் பார்க்கும் நடுத்தர வயதுக்காரர் ஒருவர். அந்தச் சுவரில் இருந்த பாதிப் பலகைகளுக்கு அவர் ஒருவர்தான் என்று பிறகு தெரிந்தது.

நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, காபி வாங்கி வரச் சொன்னார். அது எனக்குத் தொந்தரவாக இருந்தது. கத்துவதற்குத் தயாராகப் போயிருந்தேன்.

"சங்கிலி வேணாம்னு சொன்னது யாருன்னு தெரியணும் சார்."

"வேணாம்னு யாரும்மா சொன்னா?" அவர் முகத்தில் பொய் இல்லை. "உங்க இன்ஜினியர் போன் பண்ணார், வாஸ்தவம். நான் குறிச்சி மேல வெச்சேன். மேல இருக்கறவர், மீட்டிங்ல வெக்கலாம்னார். மீட்டிங்ல வேற விஷயம் நீண்டுபோச்சு. அடுத்த மீட்டிங்குக்குத் தள்ளி வெச்சோம். யாரும் மறுக்கவே இல்லையே."

"அடுத்த மீட்டிங்குக்குள்ள ஆள் செத்துட்டாரு சார்."

"கேள்விப்பட்டேன். ரொம்ப மனசு கஷ்டமாப் போச்சு. கம்பெனி சார்பா இரங்கல் தீர்மானம் போட்டாச்சு."

"அந்தத் தீர்மானத்த யார் போட்டா?"

"கம்பெனிதான்."

"கம்பெனில யாரு?"

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "மீட்டிங்ல அஞ்சாறு பேர் உக்காருவாங்கம்மா. ஆனா முடிவு எடுத்தா அது அவங்களோடது இல்ல. அந்த அஞ்சாறு பேரையும் நாளைக்கு மாத்திட்டாலும் முடிவு நிக்கும். கம்பெனின்னா அதான். உங்கப்பா மேல எங்க யாருக்கும் கோபம் கிடையாது."

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடமிருந்தும் கதவோரம் நின்றுகொண்டு வந்தேன். மனத்துக்குள் வரைந்து பார்த்தேன். அப்பாவின் வாயிலிருந்து ஒரு கோடு. இன்ஜினியர், டெலிபோன், கணக்கர், மேலே இருப்பவர், மீட்டிங். கோடு அதுவரைக்கும் போகிறது. அங்கிருந்து வெளியே வரும் கோடு இல்லை. என் வேலையில் இப்படி ஒரு படத்தைக் கொடுத்தால் முகத்தில் எறிவார்கள். உள்ளே போகும் தண்ணீர் எங்கேயாவது வெளியே வந்தாகவேண்டும். எண்ணூர் தாண்டியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் நின்றிருந்த மீன்கூடைக்காரம்மா, "இன்னாம்மா, தூசி பூந்துட்சா?" என்று கேட்டபோதுதான் கண்ணிலிருந்து தண்ணீர் வழிவது தெரிந்தது.

ஆனால் ஒரு கோடு வெளியே வந்திருக்கத்தான் வேண்டும். 'வேணாம்னுது' என்று யாரோ சொன்னதைத்தானே இன்ஜினியர் அப்பாவிடம் வந்து சொன்னார்?

இரண்டு மூன்று நாள் கழித்து அந்த இன்ஜினியரே ஸ்டேஷனில் எனக்காகக் காத்திருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருக்கலாம். திருநின்றவூரில் புதுக் குடித்தனம். தினமும் இரண்டு ரயில் மாறி வருகிறவர். சவரம் செய்யாத முகம். பிளாட்பாரத்தின் கோடிக்கு நடந்தோம்.

"சிட்டி ஆபீசுக்குப் போனீங்களாமே" என்றார். "அவங்க சொன்னது நெஜம்தான். யாரும் வேண்டாம்னு சொல்லலை. நான் ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் பார்க்கலாம், பார்க்கலாம்னுதான் சொன்னாங்க. அதே பார்க்கலாமைத் திருப்பித் திருப்பி உங்கப்பாகிட்ட சொல்ல எனக்குக் கூச்சமா இருந்தது. அதனால கம்பெனி வேண்டாம்னு சொல்லிடுச்சுன்னு நானே சொன்னேன். வேண்டாம்னு தெரிஞ்சா ஜாக்கிரதையா கையாள்வார்னு நெனச்சேன்."

கடைசியில் கிடைத்த ஒரே 'வேண்டாம்' அவருடையதுதான், அதுவும் நல்லெண்ணத்தில் சொன்னது.

"அவர் கோர்ட்ல என் பேரைச் சொன்னா நான் மறுக்க மாட்டேன். இதைச் சொல்லத்தான் நின்னேன்."

"நீங்களா வந்து சொல்வீங்களா சார்?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். "குழந்தை பொறந்து இன்னும் தொட்டில் போடலை" என்றார். அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பு நியாயமா என்று அன்று நான் யோசிக்கவில்லை. பெயர் கிடைத்துவிட்டது. அது மட்டும்தான் தோன்றியது.

மறுநாள் காலை அப்பா ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் செருகி முகம் மழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"நைனா, அந்த இன்ஜினியர் சாரு பேரச் சொல்லு. சொன்னா மறுக்க மாட்டேன்னு அவரே சொல்லிட்டாரு."

"அவரு இன்னா பண்ணாரு? கம்பெனி சொன்னத எங்கிட்ட வந்து சொன்னாரு."

"கம்பெனி ஒண்ணும் சொல்லல நைனா. நான் போயிப் பாத்துட்டு வந்துட்டேன். அங்க கம்பெனின்னு யாருமே இல்ல. ஒரு மேஜதான் கீது."

"யாரும் இல்லாமயா எனுக்கு மால போட்டுச்சி?"

"மால போட்டது டைரக்டரு."

"அவரு கையால கம்பெனி போட்டுச்சி. நீயும் கை தட்டுன." கத்தியைத் தண்ணீரில் அலசினார். "அப்ப அந்தப் புள்ள வாயால சொன்னதும் கம்பெனிதான? கைக்கு ஒரு ஞாயம், வாய்க்கு ஒரு ஞாயமா?"

"அப்ப நீ யாரு?"

நான் விடவில்லை. "டைரக்டரு கையி, இன்ஜினியரு வாயி, செரி. நீ அதுல இன்னா? மேனேஜருன்னு கையெழுத்து போட்டியே, நீ இன்னா அதுல? உள்ள போறதுக்குன்னே வெச்ச முதுகா?"

"வாய நீட்டாத" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து என்னை அதட்டி. உடனே அவளே அப்பாவிடம் வந்தாள். "அவ சொல்றதுல இன்னா தப்பு? ஒரு பேரு. ஒரே ஒரு பேரு. சொல்லிட்டு ஊட்டுக்கு வாய்யா. அந்தப் புள்ளைக்குப் படிப்பு கீது, எங்கனா பொழச்சிக்கும். உனுக்கு இன்னா கீது, இந்த ஒடம்பத் தவுர?"

"பச்சப் புள்ளக்காரன்" என்றார் அப்பா.

"நீ மட்டும்? நாங்கோ யாரு?"

அவர் முகத்தின் ஒரு பாதியில் சோப்பு நுரை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. "அவன் பேரச் சொன்னா அவன் உள்ள போவான். அவன் இன்னொரு பேரச் சொல்லுவான், டெலிபோன்ல கேட்டவன் பேர. அவனும் கணக்கு எழுதறவன்தான். இப்பிடியே போயிக்கினு இருந்தா கடைசில சம்பளக்காரன்தான் வருவான், கம்பெனி வராது. அதுக்கு நான் எதுக்கு மொத ஆளா கைய நீட்டணும்?"

எனக்குப் படிப்பு இருந்தது, அந்தக் கோட்டை நானே வரைந்து பார்த்தும் இருந்தேன். அவர் சொன்னது சரிதான். அந்தச் சரி எனக்குத் தேவைப்படவில்லை. அவர் வீட்டில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்தேன். அதுவரை என் வாழ்க்கையில் நான் செய்யாதது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கையை என் தலையில் வைத்தார். சோப்பு ஈரம் முடியில் பட்டது. ஆனால் சரி என்று சொல்லவில்லை.

விசாரணை நாளில் கோர்ட் டவாலி வராந்தாவுக்கு வந்து மூன்று தடவை கம்பெனியின் பெயரைக் கூப்பிட்டான், கடைசியில் வரும் 'லிமிடெட்' வரை நீட்டி முழக்கி. மர நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் எழுந்து வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். டைம் ஆபீஸ் எழுத்தர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்து, "ஆஜர்" என்றார். அடுத்து அப்பாவின் பெயர். அவர் ஏற்கனவே வாசலில்தான் நின்றிருந்தார்.

அரசு வக்கீல் கூண்டில் ஏற்றிய முதல் சாட்சியும் அந்த எழுத்தர்தான். சாவு வீட்டில் மேனேஜர் என்ன சொன்னார்? "நான்தான் பொறுப்புன்னு சொன்னாருங்க." எல்லோர் எதிரிலுமா? "ஆமாங்க, வாசல்ல நின்னு." எங்கள் வக்கீல் எழுந்து, அது மேஸ்திரிகள் சொல்லும் துக்க வார்த்தை என்று விளக்கினார். மாஜிஸ்திரேட், அவர் மேஸ்திரியா மேனேஜரா என்று கேட்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் குப்பத்தில் ஒருவர்கூட அப்பாவின் முகத்தில் முழித்திருக்கமாட்டார். அதை எந்தப் பாஷையில் கோர்ட்டுக்குச் சொல்வது?

பிறகு அப்பா கூண்டில் ஏறினார். எங்கள் வக்கீல் நேரே விஷயத்துக்கு வந்தார். சங்கிலி மாற்றச் சொல்லிக் கேட்டீர்களா?

"கேட்டேங்க. பல தபா கேட்டேன்."

"யார்கிட்ட கேட்டீங்க?"

"கம்பெனி கிட்டங்க."

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டார். "கம்பெனின்னா யாரு? பேரச் சொல்லுங்க."

அப்பா கம்பெனியின் முழுப் பெயரையும் சொன்னார். பின் வரிசையில் சிலர் சிரித்தார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

"அது தெரியும். கம்பெனிக்கு வாய் இருக்கா பதில் சொல்ல? எந்த மனுஷன் உங்ககிட்ட வந்து சொன்னார்?"

அப்பா சுற்றிலும் பார்த்தார். இன்ஜினியர் ஜன்னலோரம் நின்றிருந்தார். வந்திருந்தார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். அப்பாவின் கண் அவரைத் தாண்டி வந்து என்னிடம் நின்றது. நான் தலையசைத்தேன். சொல் என்று. உதட்டை அசைத்துச் சொன்னேன். பக்கத்தில் இருந்த கான்ஸ்டபிள் என்னை முறைத்தார்.

"ஐயா, என்ன வேலைக்கு வான்னு கூப்பிட்டது கம்பெனி. மேனேஜரா இருன்னு சொன்னது கம்பெனி. அப்பல்லாம் யாரு நீன்னு நான் கேக்கல. சங்கிலி வேணாம்னு சொன்னப்ப மட்டும் எப்பிடிங்க கேப்பேன்?"

மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. இரண்டாவது தடவையும் கேட்டார், குரலைத் தாழ்த்தி, ஏறக்குறைய உதவி செய்வதுபோல. "யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு பேர் இருந்தா சொல்லுங்க."

"கம்பெனிதாங்க" என்றார் அப்பா.

தீர்ப்பு வந்தபோது வெயில் காலம் ஆரம்பித்திருந்தது. டைரக்டர் தகுந்த ஏற்பாடுகள் செய்திருந்ததால் விடுவிக்கப்பட்டார். கம்பெனிக்கு அபராதம். மேனேஜருக்கு மூன்று மாதச் சிறை. எழுத்தர் அபராதத்தை அங்கேயே கட்டி, ரசீதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, ரப்பர் செருப்பு சத்தமிடப் படி இறங்கிப் போனார். கம்பெனி வீட்டுக்குப் போய்விட்டது. அப்பாவை வேனில் ஏற்றுவதற்குள் வேண்டியவற்றை நான் ஓடி ஓடி வாங்கினேன். துண்டு, பல்பொடி, சீப்பு. பையை வாங்கிக்கொண்ட காவலர் சீப்பை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அப்பா அம்மாவைப் பார்க்காமல் வேனுக்குள் குனிந்து நுழைந்தார். அம்மா அழவில்லை. "ஒடம்ப ஒண்டிதான கேட்டாங்கோ, எடுத்துக்கினாங்கோ" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் இல்லாமல் கம்பெனியைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். ஷெட்டுகளைப் பூட்டிவிட்டார்கள். வேலை இல்லாமல் ஆட்கள் டீக்கடையிலும் ஸ்டேஷனிலும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வாரம் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார்கள். அடுத்த வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் மறுநாளே திறப்பார்கள் என்று பேச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கம்பி இழுக்கும் ஷெட்டின் மேஸ்திரி சர்ச்சிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார், மனைவியோடு. அப்பாவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். வெள்ளைச் சட்டை, கையில் வேதப் புத்தகம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என்ன மேனேஜருன்னு கையெழுத்து போடச் சொல்றாங்கோமா" என்றார் என்னிடம். "ஆளுங்கோ பட்டினி. என் ஊட்லயே நாஷ்டா இல்லாமதான் கோயிலுக்குப் போயி வந்தோம். போடாங்காட்டி என்னதான் திட்டுவானுங்கோ. உங்க நைனா இன்னா சொல்றாருன்னு கேட்டுச் சொல்றியா? அவரு வேணாம்னா நான் போட மாட்டேன்."

மறுநாள் கிளைச்சிறைக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா இளைத்திருந்தார். அந்த மேஸ்திரி கேட்டதைச் சொன்னேன். காவலர் நேரமாச்சு என்றார்.

"போடச் சொல்லு" என்றார் அப்பா.

"நைனா!"

"யாராச்சும் போட்டாத்தான தொறப்பாங்கோ. எத்தினி ஊடு. போடச் சொல்லு. சங்கிலி, கயிறு, கொக்கி எல்லாத்தையும் தெனமும் அவன் கண்ணால பாக்கச் சொல்லு. தேஞ்சிருந்தா ஷெட்ட நிறுத்தச் சொல்லு. கம்பெனியக் கேக்க வேணாம்னு சொல்லு."

அன்று மாலை அந்த மேஸ்திரி கேட்க வந்தபோது அப்பா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அதன்பின், "நைனா போடச் சொன்னாரு. நான் வேணாம்னு சொல்றேன். உள்ள வந்து உக்காந்து ரெண்டையும் யோசிங்க" என்றேன்.

அவர் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டார். அவர் மனைவி என்னைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள்.

"ரெண்டையும் கேட்டுக்கினேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கி நடந்தார்.

புதன்கிழமை காலை கம்பெனிச் சங்கு ஊதியது. அம்மா உலையை இறக்கிவிட்டு, சங்கு ஓயும்வரை அடுப்பின் முன்னால் அசையாமல் நின்றாள். தெருவில் சைக்கிள்கள் போகத் தொடங்கின, முன்பெல்லாம் அப்பாவுக்கு மணி அடித்துவிட்டுப் போகிறவர்கள். நான் என் வேலைக்குக் கிளம்பவேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஒருவர்கூட மணி அடிக்கவில்லை.